கடல் பக்கச் சுவர்

ஹெல்லோய் தீவு
12 பிப்ரவரி 1989

அன்புத் தம்பி ஐவினுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் ரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி ஓஸ்லாக் உப்பைக் குறைத்துத்தான் சமைக்கிறாளா, இல்லை நீ கெஞ்சினால் மனசு இளகிவிடுகிறாளா? த்ரொண்ட்ஹெய்மில் பனி அதிகம் என்று வானொலியில் சொன்னான். தலையில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

ஃபோன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோன் இணைப்புக்கு எழுதிப் போட்டேன். "எந்த வீட்டுக்கும்மா?" என்று கேட்டார்கள். படகுக்கொட்டகைக்கு என்றேன். "படகு யாருக்கு ஃபோன் பண்ணப் போகுது?" என்று சிரித்தான் ஒருவன். கடையில் ஒரு ஃபோன் இருக்கிறது. அதில் பேசினால் பேச்சு முடியும் முன்னே தீவு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஊராட்சியிலிருந்து கட்டடப் பிரிவு அம்மா ஒருத்தி படகில் வந்து இறங்கினாள். ரப்பர் பூட்ஸ், கையில் அளவு நாடா. கதவைத் தட்டவில்லை. முதலில் வீட்டைச் சுற்றி அளந்தாள், பிறகு புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தாள், அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். "படகு எங்கேம்மா?" என்றாள். படகு இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடலோரத்தில் வீடு கட்டக்கூடாதாம். படகும் வலையும் வைக்கக் கொட்டகை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் ஆள் படுக்கக்கூடாதாம். அடுப்பு, படுக்கை, மாடி அறை, பின்னால் நீட்டிக் கட்டிய குளியலறை, இதெல்லாம் எந்த அனுமதியில் கட்டியது என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் சொல்லவேண்டுமாம். இல்லாவிட்டால் இடிக்க ஆணை வருமாம்.

கட்டியவன் நீ. கூட்டுவேலை கூப்பிட்டு, ஊர் ஆண்கள் எல்லாரும் வந்து அடித்து முடித்தீர்கள். கோடைக்கு வந்திருந்த நான் காபி ஊற்றியவள், அவ்வளவுதான். அனுமதித் தாள் உன்னிடம் இருக்கும். எடுத்து அனுப்பிவிடு, நான் கொண்டுபோய் அவள் மேசையில் வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மேக்னெ போன பிறகு ஓலெசுண்டில் அந்த மூன்றாம் மாடியில் நான் கிடந்த கிடை உனக்குத் தெரியும். "அக்கா, கொட்டகையை உன் பேருக்கே எழுதித் தரேன், கடலைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு" என்று நீ சொன்ன அன்றைக்கு அழுதேன். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். இதை விட்டால் எனக்கு வேறு கூரை இல்லை என்று உனக்கே தெரியும்.

ஓஸ்லாக்கிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா
போர்கில்


த்ரொண்ட்ஹெய்ம்
3 மார்ச் 1989

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சௌக்கியம். கொதிப்பு மாத்திரையில் அடங்கி இருக்கிறது. உப்பு விஷயத்தில் ஓஸ்லாக் ஊராட்சியை விடக் கண்டிப்பு. இங்கே நான்காம் மாடியிலிருந்து பார்த்தால் டிராம்தான் தெரிகிறது, கடல் தெரியாது. உன் ஜன்னலை நினைத்து ஏங்குகிறேன்.

அந்த அம்மா வந்ததற்கு இவ்வளவு கலங்கவேண்டாம். நம் கரையில் எந்தக் கொட்டகையில் படகு இருக்கிறது, சொல்? முதல் வருஷம் வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல், அடுத்த வருஷம் கை காய ஓர் அடுப்பு, அதற்கடுத்து மழைக்கு ஒதுங்க ஒரு கட்டில். எல்லாரும் அப்படித்தான். ஊராட்சிப் படகு வரும் நாட்களில் பழைய வலையை எடுத்து ஜன்னல்மேல் தொங்கவிடுவோம். மேல் தட்டில் இன்னும் வலை இருக்கும், பார். நீயும் தொங்கவிடு. இவர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் சுறுசுறுப்பு வரும்.

சும்மா இருக்கிறவள் எப்படி வந்தாள் என்பதுதான் கேள்வி. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று நான் சொல்லவேண்டுமா? பக்கத்துக் கரையில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டையே பார்க்கிறவன் ஒருவன்தானே. ஒட்வாரிடம் வாய் கொடுக்காதே, ஆனால் கண் வைத்துக்கொள்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்று. ஹெர்ரிங் மீன் வந்துவிட்டதா?

உன் தம்பி
ஐவின்


ஹெல்லோய்
14 மார்ச் 1989

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? ஹெர்ரிங் வந்துவிட்டது, கடை முழுக்க அதன் வாடை. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன் பேச்சைக் கேட்டு வலையைத் தொங்கவிட்டேன். நேற்று அந்த அம்மா மறுபடி வந்தாள். வலையை இரண்டு விரலால் விலக்கி, உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நல்ல வலைம்மா. உள்ள பெரிய மீனா மாட்டியிருக்கு" என்றாள். இந்த வயசில் எனக்கு வந்த கேவலத்தைப் பார்.

அனுமதித் தாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்திருப்பாய். இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் எழுது.

கட்டிய ஆட்களிடமும் கேட்டுப் பார்த்தேன். கூத்துதான். ஒருத்தன் பலகை தூக்கினானாம், அவ்வளவுதான். இன்னொருத்தன் "நான் உன் வாஃபிளுக்காக வந்தவன் போர்கில், சுத்தியலைக் கையால தொடலை" என்கிறான். ஒருவனுக்கு அன்றைக்கு முதுகுவலியாம், ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றானாம். "அப்ப கூரை தானாவே ஏறி உக்காந்துக்கிச்சா?" என்று கேட்டேன். கப்பலுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டான். கூட்டுவேலையில் எல்லாரும் அடித்த ஆணி யார் அடித்த ஆணி என்று இப்போதுதான் புரிகிறது. ஒருவனும் அடிக்கவில்லை.

ஒட்வாரிடம் வாய் கொடுக்காதே என்றாய். முடியவில்லை. சனிக்கிழமை கடையில் அவன் மாவு வாங்கிக்கொண்டு நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி, "தனியா இருக்கிற பொம்பளையோட கூரையைப் பிடுங்கிப் போட்டா உனக்கு ராத்திரி தூக்கம் நல்லா வருதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். மாவுப் பையை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே போனான். எனக்கு மனசு ஆறியது. உண்மையைச் சொல்கிறேன், ரொம்ப ஆறியது.

சீக்கிரம் எழுது.

அக்கா
போர்கில்


ஹெல்லோய்
16 ஏப்ரல் 1989

ஐவினுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முதலில் பயந்தேன். ஓஸ்லாக் ஈஸ்டருக்குக் கடைக்காரி மகளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறாள், நீங்கள் இருவரும் மலைக்குப் போய்ச் சறுக்கினீர்களாம். அப்படியானால் சுகம்தான். சந்தோஷம்.

ஆணை வந்துவிட்டது. ஆகஸ்ட் முடிவதற்குள் இது பழையபடி படகுக்கொட்டகை ஆகவேண்டும். அடுப்பு, புகைபோக்கி, மாடி அறை, குளியலறை எல்லாம் போகவேண்டும். கடல் பக்கம் பழைய இரட்டைக் கதவு இருந்த இடத்தில் நீ எழுப்பிய ஜன்னல் சுவரும் போகவேண்டும். படகு உள்ளே வரும்படி இருந்தால்தான் கொட்டகையாம். தவறினால் செப்டம்பரிலிருந்து நாளுக்கு நாள் அபராதம், என் பேரில்.

ஊராட்சிக்குப் போய் அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். "நான் கட்டலைம்மா" என்றேன். "அப்ப யாரு கட்டினாங்க?" என்றாள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் சொன்னது இது: "கட்டினவர் யாருன்னு தெரிஞ்சா ஆணையை அவர் பேருக்கு மாத்தலாம். இடிக்கிறதும் அபராதமும் அவர் பொறுப்பாயிடும். கட்டினவரே ஒத்துக்கிட்டா, உங்களுக்கு ரெண்டு வருஷம் தவணை கேட்டு நானே எழுதறேன். யாரும் இல்லேன்னா, இடம் யார் பேர்ல இருக்கோ அவங்கதான்."

ஐவின், இரண்டு வருஷம் கிடைத்தால் முதியோர் குடியிருப்பில் என் முறை வந்துவிடும். நடுத்தெருவில் நிற்கவேண்டாம். நீ ஒரு வரி எழுதினால் போதும்: கட்டியவன் நான் என்று. உன் பேரை நானாகச் சொல்லமாட்டேன். கூடப்பிறந்தவனைப் போய் ஊராட்சியில் காட்டிக் கொடுத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். நீயே எழுது.

போர்கில்


த்ரொண்ட்ஹெய்ம்
2 மே 1989

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. கொதிப்பு மறுபடி ஏறியிருக்கிறது. கவலையே கூடாது என்கிறார் டாக்டர்.

உன் கடிதத்தை ஓஸ்லாக்குக்குப் படித்துக் காட்டவில்லை. அவளுக்கு மூச்சிரைப்பு வந்துவிடும். அக்கா, கொஞ்சம் நிதானமாக யோசி. கொட்டகையை மட்டும் உனக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தீவில் இருந்த பண்ணை வீட்டையும் நிலத்தையும் நான் ஆஸ்லோக்காரனுக்கு விற்றிருக்கிறேன். அவன் வக்கீலை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவன். அந்த நிலத்தில் சட்டத்துக்குப் புறம்பாக நான் ஏதோ கட்டினேன் என்று என் கையெழுத்தில் ஒரு தாள் ஊராட்சியில் இருந்தால், நாளைக்கு விற்பனையையே கிளறுவான். நாங்கள் இந்த வீட்டை வாங்கியதே அதை நம்பித்தான்.

உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். நீ கணவனை இழந்தவள், வயதானவள். உன்னை வெளியே தள்ளினால் செய்தித்தாளில் வரும் என்று அவர்களுக்கும் தெரியும். அந்த ரன்வைக் எல்லாரையும் இப்படித்தான் மிரட்டுவாள், பிறகு கோப்பு அலமாரிக்குப் போய்விடும். நீ வாயைத் திறக்காமல் இரு. குளிர்காலம் வந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். ராத்திரி தேய்த்துக்கொள்.

என்றும் உன் தம்பி
ஐவின்


ஹெல்லோய்
8 மே 1989

ஐவினுக்கு,

நான் எழுதிய கடிதங்களில் அந்த அம்மாவின் பேரை ஒரு தடவைகூட எழுதவில்லை. போன மாதம்வரை எனக்கே தெரியாது.

ரன்வைக் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

போர்கில்


த்ரொண்ட்ஹெய்ம்
18 மே 1989

அன்பு அக்காவுக்கு,

மே பதினேழு, தேசிய தின வாழ்த்துகள்! இந்த அட்டையில் தெரிவது நம் தெரு ஊர்வலம். கொடி, பேண்டு வாத்தியம், குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் என்று ஒரே கொண்டாட்டம். ஓஸ்லாக் தேசிய உடை உடுத்தி வந்தாள், இடுப்புக் கொக்கி மாட்ட நான் பட்ட பாடு சொல்லி மாளாது. வெயிலும் நன்றாக இருந்தது. தைலம் வந்து சேர்ந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்.

ஐவின், ஓஸ்லாக்


ஹெல்லோய்
4 ஜூன் 1989

ஐவினுக்கு,

தைலம் வந்தது. திறக்கவில்லை.

நீ பதில் எழுதவில்லை, அதனால் ரன்வைக்கிடமே போய்க் கேட்டேன். "உங்களுக்கு என் தம்பியைத் தெரியுமா?" "தெரியுமே. போன வருஷம் மார்ச்சில் நிலத்தைப் பிரிக்கணும்னு அவரேதான் வரைபடத்தோட வந்தார். வாங்கறவர் கொட்டகை வேண்டாம்னு சொல்லிட்டாராம். வரைபடத்தில் புகைபோக்கி இருந்தது. இது என்னன்னு கேட்டேன். வீடா மாத்தியிருக்குன்னார், யார் மாத்தினதுன்னு சொல்லலை. இடிக்கணும், இல்லேன்னா யார் பேர்ல இருக்கோ அவங்க மேல ஆணை வரும்னு அப்பவே சொல்லிட்டேன்" என்றாள். பிறகு, "உங்களுக்கு அவர் சொல்லலையா?" என்று கேட்டாள். சொன்னான், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச்சில் உன்னிடம் அவள் சொல்லியிருக்கிறாள். ஏப்ரலில் நீ என் வீட்டுக்குக் கேக்கோடு வந்தாய். "நிம்மதியா இரு அக்கா" என்றாய். நான் அழுதபோது என் தோளைத் தட்டிக் கொடுத்தாய். இடிக்கவேண்டியது என்று சொல்லிவிட்டு நீ எனக்கு எழுதிக் கொடுத்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். "அக்கா, இதில் தகராறு இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஓலெசுண்ட் வீட்டை விட்டிருக்கமாட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கு வாய் வரவில்லை. ஒட்வார் பேரைச் சொல்ல மட்டும் வந்தது.

அவன் வீட்டுக்குப் போனேன். படகுத்துறையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் காரணமும் இல்லை.

"கடையில சொன்னது தப்பு ஒட்வார்" என்றேன். "நீ சொல்லலைன்னு இப்பத் தெரிஞ்சுது."

"சொல்லணும்னு இருந்தா நீங்க கட்டின அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றான். "அன்னைக்கு நாள் முழுக்க இங்கதான் உக்காந்திருந்தேன். சுத்தியல் சத்தம் கேட்டுக்கிட்டே."

கட்டும் முன்னே அவன் உன்னிடம், "அனுமதி வாங்கிட்டியா ஐவின்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டானாம். அதற்காகத்தான் அவனை விட்டுவிட்டு ஊரையே கூட்டுவேலைக்குக் கூப்பிட்டாயா? இந்தத் தீவில் ஒருவனைக் கூட்டுவேலைக்குக் கூப்பிடாமல் விடுவதென்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? அதன்பிறகு யாரும் அவனை எதற்கும் கூப்பிடவில்லை. நானும் அன்றைக்கு எல்லாருக்கும் வாஃபிள் சுட்டேன், கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு வாய் காபி அனுப்பவில்லை. அது என் கணக்கு, உன் தலையில் போடவில்லை.

"உன் கடல் பக்கச் சுவரில் தண்ணி இறங்குதா?" என்று கேட்டான். மேற்குக் காற்று அடித்தால் இறங்குகிறது என்றேன். "இறங்கும். கதவு இருந்த இடம். அதைச் சுவராக்கக்கூடாது" என்றான். அப்புறம் எனக்குக் காபி ஊற்றினான்.

ஊராட்சிக்கு ஜூலைக்குள் பதில் சொல்லவேண்டும். கட்டியவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். நீ எழுதப் போகிறாயா?

போர்கில்


த்ரொண்ட்ஹெய்ம்
27 ஜூன் 1989

அக்கா,

எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். ஆமாம், மார்ச்சில் சொன்னாள். ஆனால் இவர்கள் எல்லாருக்கும் சொல்வதுதானே என்று நினைத்தேன். உன் பேரில் இருந்தால் தொடமாட்டார்கள் என்று நம்பினேன். உனக்கும் ஓர் இடம் ஆச்சு, எனக்கும் விற்பனை முடிந்தது என்று பார்த்தேன். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை.

இப்போது என் பேரைக் கொடுத்தால் நாங்கள் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டி வரும். ஓஸ்லாக்குக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சொல்லாதே.

ஐவின்


ஹெல்லோய்
15 ஜூலை 1989

ஐவினுக்கு,

உன் கொதிப்பு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இனிமேலும் குறையும், ஏனென்றால் வேலை முடிந்தது. ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பொறுப்பாளர்: போர்கில். அதற்குமேல் ஒரு பேரும் இல்லை. ரன்வைக் தாளைப் பார்த்து, "நல்லா யோசிச்சீங்களா?" என்றாள். "யோசிச்சேன். தவணையும் வேண்டாம். ஆகஸ்டுக்குள்ள இடிச்சுடறேன்" என்றேன்.

உன்னைக் காப்பாற்ற இப்படிச் செய்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்தத் தாளுக்குள் அடங்காது. ஆனால் அந்த அடுப்பில் சமைத்தது நான், அந்த மாடியில் படுத்தது நான், வலையைத் தொங்கவிட்டு ஒளிந்ததும் நான். ஏணி பிடித்தவன், பலகை தூக்கியவன் என்று ஆளாளுக்கு நழுவுவதைப் பார்த்துச் சிரித்தேனே, நானும் காபி ஊற்றியவள் என்று நழுவினால் எப்படி? யாராவது ஒருத்தர் ஆமாம் என்று சொல்லவேண்டுமே.

எங்கே போவாய் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. அதற்குக் கட்டட அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் படியேறினேன். ஃபோன்கூட இருக்கிறது. கடல் தெரியாது, மாவு மூட்டைகள்தான் தெரியும். ராத்திரி குளிர்பெட்டியின் இரைச்சல் வேறு. முதல் நாள் பார்த்துவிட்டு வந்து அழுதேன், மறைக்கவில்லை.

இப்போது கேள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, காலையில் கூட்டுவேலை. இடிப்பதற்கு. கட்டிய எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன். ஒட்வாரையும் கூப்பிட்டிருக்கிறேன், முதல் ஆளாக. யாரையும் விடவில்லை. அதனால் உன்னையும் கூப்பிடுகிறேன். கடப்பாரையும் கையுறையும் எடுத்து வா. புளிப்புப் பாலேட்டுக் கஞ்சி, உப்புக் கண்டம், வாஃபிள், காபி எல்லாம் உண்டு.

போர்கில்


ஹெல்லோய்
8 ஆகஸ்ட் 1989

ஐவினுக்கு,

நீ வரவில்லை. துறையில் வெள்ளிக்கிழமைக் கப்பலையும் சனிக்கிழமைக் கப்பலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பரவாயில்லை.

மற்ற எல்லாரும் வந்தார்கள். முதுகுவலிக்காரன் கூரைமேல் ஏறி நின்றான், முதுகுக்கு ஒன்றுமே இல்லை. பலகை தூக்கியவன், "இந்த ஆணி நான் அடிச்சது, இதுவும் நான் அடிச்சது" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் காட்டிப் பிடுங்கினான். வாஃபிளுக்கு வந்தவன்தான் மாடி அறை முழுவதையும் கட்டியவனாம். இடிக்கும்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. "மார்ச்சில எங்கடா போச்சு இந்த வாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். ஒருத்தன் மட்டும் "மன்னிச்சுக்கோ போர்கில்" என்றான்.

ஒட்வார்தான் முதலில் வந்தான். எங்கள் வீட்டு வேலைக்கு இத்தனை வருஷம் கழித்து வருகிறான், சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். இடிக்க வருகிறவன் வெள்ளைச் சட்டை போடுவானா? புகைபோக்கிச் செங்கலை ஒவ்வொன்றாக அவன்தான் இறக்கினான். முதல் காபியை அவனுக்குக் கொடுத்தேன். விளிம்புவரை ஊற்றியதில் பாதி தட்டில் கொட்டிவிட்டது. "போதும் போதும், இதுவே நிறைய" என்றான்.

சாயங்காலத்துக்குள் மாடி போயிற்று, குளியலறை போயிற்று, அடுப்பு கடைக்கு மேலே ஏறிவிட்டது. என் கட்டில் புல்மேல் கிடந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பி நின்று பாத்திரம் கழுவினேன்.

கடைசியில் இடிக்கவேண்டியதில் கடல் பக்கச் சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. உன் ஜன்னலும் அதைச் சுற்றிய பலகைகளும். அந்தச் சுவரை மட்டும் அன்றைக்கு யாரையும் தொட விடாமல் நீயே தனியாகக் கட்டினாயாம், எல்லாரும் அதைச் சொன்னார்கள். இரண்டு பேர் கடப்பாரையோடு போனார்கள். "அதை விடுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "அது கட்டினவனோடது" என்றேன். கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அது இருக்கும்வரை இது கொட்டகை இல்லை. படகு உள்ளே வர முடியாது. மாதக் கடைசியில் ரன்வைக் வந்து பார்ப்பாள். சுவர் நின்றால் அபராதம் என் பேரில் ஓட ஆரம்பிக்கும். ஒட்வார் ஒரு மணி நேரத்தில் பிடுங்கித் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் தொடமாட்டேன்.

உள்ளே ஒன்றும் இல்லாமல், வெறுங்கொட்டகையில் அந்த ஜன்னல் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஓஸ்லாக்கைக் கேட்டதாகச் சொல்.

போர்கில்


த்ரொண்ட்ஹெய்ம்
21 ஆகஸ்ட் 1989

அக்கா,

ஓஸ்லாக்கிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்றைக்குக் காலையில் என் வேலைக் கையுறைகளைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வரும் வழியில் ஊராட்சியில் இறங்கி, கட்டியவன் நான் என்று ரன்வைக்கிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஆஸ்லோக்காரன் என்ன செய்வானோ செய்யட்டும்.

வியாழக்கிழமைக் கப்பலில் வந்து சேருவேன். கடப்பாரை என்னிடம் இருக்கிறது. நீ முழங்காலை வைத்துக்கொண்டு துறைக்கு வந்து நிற்காதே.

ஒட்வாரை இருக்கச் சொல். கூட்டுவேலைக்கு நான் கூப்பிடுகிறேன் என்று சொல்.

ஐவின்